உலு சிலாங்கூரின் ஒரு குன்றுப் பாதை: தண்ணீரை விலக்கும் தன்னார்வப் பணி குறித்த நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் உலு சிலாங்கூர் மாவட்டத்தில், திதிவங்சா மலைத்தொடரின் அடிவாரத்தில், முன்பு ரப்பரை நம்பியும் இப்போது செம்பனையை நம்பியும் வாழ்ந்துவரும் சிறிய தோட்டப் பட்டணம் ஒன்று இருக்கிறது. அதன் பின்புறமுள்ள குன்றுப் பாதையைத் தன்னார்வலர் குழு ஒன்று எவ்வாறு சீர்செய்து பராமரித்து வருகிறது என்பதை இந்த ஆய்வு பதிவுசெய்கிறது. அந்தக் குழுவில் பணியாற்றி வரும் ஒருவர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். பட்டணத்தின் பெயரையும் குன்றின் பெயரையும் குறிப்பிடவில்லை. வார இறுதிகளில் அந்தப் பாதை தாங்கக்கூடிய அளவைத் தாண்டி ஏற்கெனவே கூட்டம் வருகிறது.

மலைப்பாதைப் பராமரிப்பு என்றதும் புதர் வெட்டுவதும், குப்பை பொறுக்குவதும், அறிவிப்புப் பலகை நடுவதுமே பலருக்கும் நினைவுக்கு வரும். அவை தேவையான வேலைகள்தாம். ஆனால், நம் நாட்டு மழையில் ஒரு குன்றுப் பாதை நிலைக்குமா அழியுமா என்பது, அதன்மேல் விழும் தண்ணீர் எத்தனை சீக்கிரம் அதைவிட்டு வெளியேறுகிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது. இதை எங்கள் குழுவுக்குக் கண்முன்னே காட்டியவர்கள், சரிவு நிலத்தில் ஆயுள் முழுவதும் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளர்கள்.

பாதையும் மண்ணும்

பாதையின் கீழ்ப்பகுதி செம்பனைத் தோட்டத்துக்குள்ளும், மேற்பகுதி நிரந்தர வனக்காப்பகத்துக்குள்ளும் அமைந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே, பழைய பால்மரங்கள், அதாவது ரப்பர் மரங்கள், வெட்டப்படாமல் காடாகிப்போன ஒரு சரிவு உள்ளது. அதுவும் தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமானது. மிக மோசமான சேதம் அந்தச் சரிவில்தான் ஏற்பட்டிருந்தது.

இதை யாரும் நடைபாதையாகத் திட்டமிட்டு அமைக்கவில்லை. தோட்டத்தின் எல்லைக் கற்களைப் பார்த்துவர வெட்டப்பட்ட கோடு இது. எல்லை வரைபடத்தில் நேராக இருந்ததால், நிலத்திலும் அந்தக் கோடு சரிவின் முகத்தில் மேலிருந்து கீழாக நேரே இறங்குகிறது. பால்மரம் சீவிய காலத்தில் விறகு பொறுக்கச் சென்றவர்களும், சரிவின் நடுவிலுள்ள முனியாண்டி கோயிலில் படையல் போடச் சென்றவர்களும் மட்டுமே அதில் நடந்தார்கள். அந்த அளவு நடையை நிலம் தாங்கியது. 2020 மார்ச் 18ஆம் தேதி கோவிட் தொற்றினால் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து, பிறகு படிப்படியாகத் தளர்த்தப்பட்டபோது, வீட்டுக்குள் அடைபட்டிருந்த மக்கள் பக்கத்துக் குன்றுகளைத் தேடி வந்தார்கள். 2021 அக்டோபர் 11ஆம் தேதி மாநில எல்லைகளைக் கடக்க அனுமதி கிடைத்த பின்னர் வெளியூர்க் கூட்டமும் சேர்ந்துகொண்டது.

இங்குள்ள மண் கருங்கல் சிதைந்து உருவான ரெங்காம் வகையைச் சேர்ந்தது: களிமண்ணும் சொரசொரப்பான படிக மணலும் கலந்தது. மேல்மண் இருக்கும்வரை கால் நன்றாகப் பதியும். அது அடித்துச் செல்லப்பட்ட பிறகு, கெட்டியான களியின்மேல் உருளும் மணல் சிதறிக் கிடக்கும். அதில் கால் வைத்தால் வறண்ட நாளிலும் வழுக்கும். வழுக்குவதால் நடப்பவர்கள் ஓரத்துக்கு நகர்கிறார்கள், ஓரத்துப் புல் மிதிபட்டுச் சாகிறது, பாதை அகலமாகிறது, அகலமான பாதை இன்னும் அதிகத் தண்ணீரை வாங்கிக்கொள்கிறது. தீபகற்ப மலேசியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 2,500 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. மேற்குக் கரைப் பகுதிகளில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை குறுகிய நேரத்தில் கொட்டித் தீர்க்கிறது. அந்த வேகம்தான் நேரே இறங்கும் பாதையைப் பள்ளமாக அறுக்கிறது. எங்கள் பாதையில் சில இடங்களில் அந்தப் பள்ளம் இடுப்பளவு ஆழத்துக்குப் போயிருந்தது.

மண்ணும் தண்ணீரும் சேர்ந்து ஓர் ஊரையே என்ன செய்யும் என்பதை இந்த மாவட்டம் நன்கு அறியும். 1883 அக்டோபரில் கோல குபுவின் பழைய அணை உடைந்து பல உயிர்களைப் பலிகொண்டது. அதன் பின்னரும், வெள்ளீயச் சுரங்கங்களிலிருந்து ஆற்றில் இறங்கிய மண் ஆற்றுப்படுகையை உயர்த்தி வெள்ளத்தை வரவழைத்துக்கொண்டே இருந்ததால், பட்டணத்தையே மேட்டு நிலத்துக்கு மாற்றிக் கோல குபு பாரு என்ற புதிய ஊரை அமைக்க வேண்டியதாயிற்று. நம் காலத்தில், 2022 டிசம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் பத்தாங் காலியில் கூடார முகாமின்மேல் மலைச்சரிவு விழுந்து 31 பேர் மாண்டார்கள். அந்தத் துயரத்துக்குப் பிறகு சரிவில் மண்வெட்டியை ஓங்கும்போது எங்கள் மனத்தில் ஓர் அச்சம் வந்து நிற்கிறது. அது இருக்க வேண்டிய அச்சம்தான் என்று நான் நினைக்கிறேன். சரிவை முழங்கால் உயரத்துக்குமேல் செங்குத்தாக வெட்டக்கூடாது என்ற குழுவின் விதி அதிலிருந்தே பிறந்தது.

முன்பு நடந்த சீரமைப்புகள்

எங்கள் குழு உருவாவதற்கு முன்பும் அங்கே கோத்தோங் ரோயோங் எனும் கூட்டு உழைப்பு முறையில் பலர் உழைத்திருக்கிறார்கள். அவர்களுடைய நல்லெண்ணத்தில் குறை காண முடியாது. ஆயினும், செய்த வேலைகள் ஏன் நிற்கவில்லை என்பதைப் பதிவுசெய்வது அடுத்தவர்களுக்குப் பயன்படும்.

முதலாவது, பாதையின் இரு ஓரங்களிலும் ரெசாம் பெரணியைப் பாராங் கத்தியாலும் இயந்திரத்தாலும் அடியோடு வெட்டி அகலப்படுத்தியது. ரெசாம் பார்ப்பதற்குக் களைபோல் இருந்தாலும், கெட்டுப்போன சரிவுகளில் மண்ணை மூடிப் பிடித்திருப்பது அதுவே. அதன் போர்வை போனதும் மழைத்துளி நேரடியாக மண்ணில் அறைந்தது. ஒரே பருவத்தில் பாதையோரம் சிறு சிறு ஓடைகளாகக் கீறப்பட்டுவிட்டது.

இரண்டாவது, விழுந்துகிடந்த பால்மரங்களை அறுத்துப் படிகள் வைத்தது. பால்மரக் கட்டை மருந்து ஏற்றிப் பதப்படுத்தினால்தான் உழைக்கும். பச்சையாக மண்ணில் பதித்தால் பூஞ்சணமும் துளைப்பூச்சியும் விரைவில் அதைத் தின்றுவிடும். கட்டை மக்கியதும், அதைத் தாங்குவதற்காக அடித்த இரும்புக் கம்பிகள் மட்டும் நீட்டிக்கொண்டு நின்றன. ஓடி இறங்கும் பிள்ளைகளின் காலுக்கு அவை எத்தகைய ஆபத்து என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் குழு அந்தச் சரிவில் எடுத்துக்கொண்ட முதல் வேலை அந்தக் கம்பிகளைப் பிடுங்கியதுதான்.

மூன்றாவது, காலியான உரச்சாக்குகளில் மண்ணை நிரப்பிப் பள்ளத்தில் அடுக்கியது. வெயில் பட்ட சாக்கு நைந்து கிழிய, உள்ளே இருந்த மண் போய்விட்டது; பிளாஸ்டிக் இழைகள் ஓடைவரை சிதறின. இன்றும் மண்ணைக் கிளறினால் அந்த வெள்ளை இழைகள் கையில் வருகின்றன.

மழையில் பார்த்தது

குழுவில் ஓய்வுபெற்ற மண்டோர், அதாவது தோட்ட வேலை மேற்பார்வையாளர், ஒருவர் இருக்கிறார். எழுபதைக் கடந்தவர், அந்தத் தோட்டம் ரப்பராக இருந்த காலத்தில் சேர்ந்து, செம்பனையாக மாறிய பிறகும் அங்கேயே வேலை பார்த்தவர். மழை பெய்யும்போது பாதையைப் பார்க்காமல் மண்வெட்டியைத் தொடக்கூடாது என்று அவர் உறுதியாகச் சொன்னார். இடி இல்லாத ஒரு மழைப் பிற்பகலில் குடையும் ரப்பர்க் காலணியுமாக நாங்கள் அவருடன் ஏறினோம்.

சரிவின் உச்சியில், பாதைக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில், அவர் காய்ந்த ரப்பர் இலைகளைக் கைநிறைய அள்ளிப் போட்டார். "தம்பி, இது பின்னாலேயே நடந்து போ. எங்க வெளிய போவுதுன்னு பாரு" என்று குழுவின் இளைஞர் ஒருவரிடம் சொன்னார். இலைகள் பள்ளத்துக்குள் சுழன்று, வெளியே தெரிந்த வேர்களில் முட்டி, மறுபடி விடுபட்டு இறங்கின. இருபுறமும் மண் சுவர்போல் நின்றதால் அவை எங்கும் பக்கவாட்டில் விலகவில்லை. முனியாண்டி கோயிலின் சமதளம் வரும்வரை ஒரே ஓட்டம். "எங்கேயும் போகலை தாத்தா, கோயில் வரைக்கும் வந்துருச்சு" என்று அந்த இளைஞர் கீழிருந்து குரல் கொடுத்தார்.

அன்று குறித்துக்கொண்டவையே பின்னர் எங்கள் வரைபடமாயின. தண்ணீர் பாதைக்குள் நுழையும் ஒவ்வோர் இடத்திலும் சிவப்பு ராஃபியா கயிற்றையும், சற்று வெட்டிவிட்டால் அது வெளியேறக்கூடிய இடங்களில் நீலக் கயிற்றையும் கட்டினோம். சிவப்பு நெருக்கமாகவும் நீலம் அரிதாகவும் இருந்த பகுதி எதுவென்று பார்த்தாலே, எங்கே பாதையை மாற்ற வேண்டும் என்பது விளங்கியது. மழை ஓய்ந்த பிறகும் தடயங்கள் இருக்கும்: இலைக்குப்பை சிறு அணைபோல் ஒதுங்கியிருந்தால் அங்கே ஓட்டம் தடைபட்டிருக்கிறது, படிக மணல் விசிறிபோல் பரவியிருந்தால் அங்கே அதன் வேகம் குறைந்திருக்கிறது. கருவி எதுவும் இல்லாதவர்களும் இந்தத் தடயங்களைப் படிக்கலாம்.

புதிய தடம்

உலகெங்கும் பாதை அமைப்பவர்கள் பின்பற்றும் ஒரு கணக்கு உண்டு: பாதையின் ஏற்றம், அது கடந்துசெல்லும் சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. பக்கச்சரிவு 40 விழுக்காடு என்றால் பாதை 20 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். தாண்டினால், தண்ணீர் பாதையைக் குறுக்கே கடக்காமல் பாதையோடு சேர்ந்தே ஓடத் தொடங்கும். அதோடு, ஒட்டுமொத்தச் சராசரி ஏற்றம் 10 விழுக்காட்டை ஒட்டி, அதாவது பத்து மீட்டர் நடைக்கு ஒரு மீட்டர் உயர்வு என்ற அளவில், இருப்பது நல்லது. எங்கள் எல்லைக்கோட்டுப் பாதை சரிவின் முழு ஏற்றத்தையும் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தது. அதை எத்தனை முறை செப்பனிட்டாலும் பயனில்லை. பால்மரச் சரிவில் தடத்தையே பக்கவாட்டில் கொண்டுசெல்ல வேண்டும் என்று முடிவெடுத்தோம்.

மட்டம் பார்க்க, கொத்தனார்கள் பயன்படுத்தும் தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் குழாயும் இரண்டு அளவுக் கோல்களும் போதுமாக இருந்தன. அந்த வேலையில்தான் மண்டோர் தாத்தாவின் அனுபவமும் பாதை அமைக்கும் விதியும் ஒன்றோடொன்று மோதின. மோதியது நல்லதாயிற்று. மலைத்தோட்டங்களில் மரம் நட வெட்டும் படித்தளங்கள் மலைப்பக்கம் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். விழும் மழை அங்கேயே தங்கி வேருக்குள் இறங்க வேண்டும் என்பது நோக்கம். பாதையையும் அப்படியே வெட்ட வேண்டும் என்று அவர் கருதினார். ஆனால் நடக்கும் தளத்தில் நீர் தங்கினால் சேறாகும். பாதை வெளிநோக்கி ஏறத்தாழ 5 விழுக்காடு, ஒரு மீட்டர் அகலத்துக்கு ஐந்து சென்டிமீட்டர், சாய்ந்திருந்தால் தண்ணீர் மெல்லிய படலமாகக் குறுக்கே கடந்து புல்லுக்குள் போய்விடும். ஒரு சிறு துண்டை வெளிச்சாய்வாக வெட்டி, ஒரு மழைக்கு விட்டுப் பார்த்துவிட்டு, அவர் ஒப்புக்கொண்டார்.

அதே நேரத்தில், அவர் வலியுறுத்திய இன்னொன்றை நாங்கள் முழுமையாக ஏற்றுக்கொண்டோம். ரப்பர்த் தோட்டங்களில் சரிவின் குறுக்கே மண்குழிகள் வெட்டி, ஓடிவரும் மண்ணை அதில் தேக்கி, நிறைந்ததும் அள்ளி மறுபடி மரத்தடியில் போடுவது வழக்கம். பாதையிலிருந்து தண்ணீரை வெளியேற்றினால் மட்டும் போதாது, அது சுமந்து செல்லும் மண் ஓடையில் சேரக்கூடாது என்றார் அவர். வெளியேறும் வாய் ஒவ்வொன்றின் கீழும் அத்தகைய குழி வெட்டினோம். நான் பார்த்த வேறு மலைப்பாதைகளில் இந்த ஏற்பாடு இல்லை. தோட்ட அனுபவத்திலிருந்து வந்த இதனைப் பிற குழுக்களும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

பாதையின் குறுக்கே கட்டை பதித்துத் தண்ணீரைத் திருப்புவது எளிதான வேலைதான். ஆனால் கட்டையின் பின்னால் மண் சேர்ந்ததும் தண்ணீர் அதன்மேல் ஏறிப் போய்விடுகிறது. நடப்பவர்களும் கட்டையைச் சுற்றிப் போய்ப் புதிய வழி உண்டாக்கிவிடுகிறார்கள். அதனால் பாதையையே சில இடங்களில் மெதுவாகத் தாழ்த்தி மீண்டும் உயர்த்தினோம். அந்தத் தாழ்வான புள்ளியில் தண்ணீர் மேலே ஏற முடியாமல் வெளியே விலகிப் போகிறது. நடப்பவர்களுக்கு அங்கே ஒரு வேலை நடந்திருப்பதே தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அதன் சிறப்பு.

பழைய பள்ளத்தை மூடுவதற்குப் புதிய தடம் வெட்டியதைவிட அதிக நாள் பிடித்தது. உள்ளே கல் வைத்துச் சிறு சிறு தடுப்புகள் கட்டி, வெட்டிய கிளைகளைக் குறுக்கே நிரப்பினோம். மேலிருந்தும் கீழிருந்தும் பார்க்கும்போது அது வழியாகவே தோன்றக்கூடாது. தோன்றினால் குறுக்குவழி தேடுபவர்கள் நுழைந்துவிடுவார்கள். செம்பனைத் தோட்டங்களில் நிலப்போர்வையாக வளர்க்கும் முக்குனா கொடியை நட்டால் விரைவில் மூடிவிடும் என்று ஒருவர் யோசனை சொன்னார். அது மரங்களில் ஏறிப் படரும் கொடி. வனக்காப்பகத்தின் ஓரத்தில் அதைக் கொண்டுவந்து விடுவது சரியல்ல என்று மறுத்துவிட்டோம். ரெசாமும் செண்டுடுக் புதரும் தாமாகவே வந்து முளைக்கின்றன. அவற்றை மிதிக்காமல் விட்டாலே போதும்.

மருந்து வேண்டாம் என்றவர்

புல்லைக் கட்டுப்படுத்தக் களைக்கொல்லி அடிக்கலாம் என்ற பேச்சும் எழுந்தது. குழுவில் உள்ள ஓர் அக்கா, தோட்டத்தில் நெடுங்காலம் மருந்தடிக்கும் வேலை பார்த்தவர், அதை உடனே எதிர்த்தார். முதுகில் சுமந்த தொட்டி கசிந்து தோல் வெந்ததையும், நகம் கறுத்து விழுந்ததையும், அந்தக் காலத்தில் கையுறைகூட இல்லாமல் நிரை நிரையாக நடந்ததையும் அவர் எங்களுக்கு எடுத்துச் சொன்னார். பாராகுவாட் என்ற களைக்கொல்லி மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. தோட்டத்துப் பெண்களின் உடலில் அது விட்டுச்சென்ற பாதிப்பை நினைத்தால், அந்தத் தடை மிகவும் காலந்தாழ்ந்து வந்தது என்றே சொல்வேன். மற்ற மருந்துகள் அனுமதிக்கப்பட்டிருந்தாலும், பிள்ளைகள் குளிக்கும் ஓடைக்கு மேலே எதையும் அடிப்பதில்லை என்று குழு தீர்மானித்தது. புல்லைக் கணுக்கால் உயரத்துக்கு வெட்டுகிறோம், வேரோடு எடுப்பதில்லை.

அனுமதி

தன்னார்வலர் என்பதால் எங்கு வேண்டுமானாலும் மண்ணை வெட்டிவிட முடியாது. நிரந்தர வனக்காப்பகத்துக்குள் அனுமதியின்றி நுழைவதே 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி குற்றம். புதிய தடம் வெட்டுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எனவே, எழுத்துபூர்வமான ஒப்புதல் கையில் இல்லாமல் எந்த வேலையும் தொடங்குவதில்லை. பால்மரச் சரிவுக்குத் தோட்ட நிர்வாகம் ஒப்புதல் அளித்தது. மேற்பகுதிக்கு வனத்துறை, விழுந்த மரங்களை அகற்றவும் இருக்கும் வடிகால்களைத் துப்புரவு செய்யவும் மட்டும் அனுமதித்திருக்கிறது.

தோட்ட நிர்வாகத்தின் கவலை வேறு வகையானது. முற்றிய செம்பனைக் குலை ஒன்று 10 முதல் 25 கிலோ வரை எடையிருக்கும். மட்டையும் சேர்ந்து விழும். அறுவடை நடக்கும் பகுதிக்குள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நடப்பவர்கள் நுழைந்தால், கத்தியை நீண்ட கம்பத்தில் மாட்டி மேலே பார்த்தபடி வெட்டும் தொழிலாளி என்ன செய்வார்? ஒவ்வொரு பகுதிக்கும் ஏறத்தாழ 10 முதல் 14 நாளுக்கொரு முறை அறுவடை வரும் என்பதால், அந்த அட்டவணையை நிர்வாகத்திடமிருந்து பெற்று, பாதை தொடங்கும் இடத்திலுள்ள ஒட்டுக்கடை எனும் சிறு உணவுக்கடையில் ஒட்டிவைக்கிறோம். அந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் இப்போது வெளிநாட்டவர். அவர்களுடைய பாதுகாப்பும் மலையேறிகளின் பாதுகாப்புக்கு இணையானதே.

இதனிடையே, நுழைவாயிலில் வளைவு கட்டித் தரவும், கோயில்வரை சிமெண்டுப் படி போட்டுத் தரவும் நன்கொடையாளர் ஒருவர் முன்வந்தார். வடிகால் இல்லாத சிமெண்டுப் படியின் அடிமண்ணைத் தண்ணீர் குடைந்துவிடும். படி அந்தரத்தில் நின்று பிறகு உடையும். அந்தத் தொகையில் ஒரு பங்கையாவது கல்லுக்கும் கருவிகளுக்கும் கையுறைகளுக்கும் தரும்படி கேட்டோம். அது நடக்கவில்லை. பெயர் பொறிக்கக்கூடிய வேலைக்கு வரும் பணம் வடிகாலுக்கு வருவதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

இன்றைய நிலை

அக்டோபர், நவம்பர் மழைக்குப் பிறகு புதிய தடத்தை மறுபடியும் மழையில் நடந்து பார்த்தோம். தாழ்த்தி உயர்த்திய இடங்களில் ஒன்றைத் தவிர மற்றவை தண்ணீரைச் சரியாக வெளியேற்றின. தவறிய ஒன்றில், மேலிருந்து விழுந்த கிளை வெளியேறும் வாயை அடைத்திருந்தது. இலையும் மணலும் சேர்ந்து, தண்ணீர் அடுத்த தாழ்வுவரை பாதையிலேயே ஓடியிருந்தது. மண்குழிகள் பாதிக்குமேல் நிறைந்திருந்தன. முன்பு ஓடைக்குப் போன மண் அது; அள்ளிப் பழைய பள்ளத்திலேயே கொட்டினோம்.

எதிர்பாராத ஒரு மாற்றமும் தெரிந்தது. நடப்பவர்களின் கால்பட்டுப் பாதையின் நடு அமுங்க, வெளி ஓரத்தில் மண் ஒரு வரப்பாக எழும்பத் தொடங்கியிருந்தது. அதை விட்டால் வெளிச்சாய்வு பயனற்றுப் போய், பாதை மறுபடியும் வாய்க்காலாகிவிடும். ஆகவே, ஒவ்வொரு மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையும் காலை ஏழு மணிக்குக் கூடி, வரப்பைச் சீவுவது, வாய்களைத் திறப்பது, குழிகளை அள்ளுவது என்ற மூன்று வேலைகளையும் செய்து, பிற்பகல் இடிமழைக்கு முன்பே இறங்கிவிடுகிறோம். ஏப்ரலுக்கும் அக்டோபருக்கும் முந்திய மாதங்களில் இரண்டு ஞாயிறுகள் ஒதுக்கப்படுகின்றன. குளவிக்கூடு தென்பட்டால் அந்தப் பகுதியை விட்டுவிடுகிறோம். தேங்கிய நீரில் கை வைப்பவர்கள் எலிக்காய்ச்சலுக்கு அஞ்சிக் கையுறை அணிகிறார்கள், வெட்டுக்காயம் உள்ளவர்களுக்கு மேட்டு வேலை தரப்படுகிறது.

மேற்பகுதி இன்னும் எல்லைக்கோட்டின் வழியே நேராகத்தான் இறங்குகிறது. அங்கே பள்ளம் ஆழமாகிக்கொண்டே போவதை ஒவ்வொரு மழைக்கும் பார்க்கிறோம். பக்கவாட்டுத் தடத்துக்கான விண்ணப்பத்தை வனத்துறையிடம் கொடுத்திருக்கிறோம். அதனுடன், சிவப்பு, நீலக் கயிறுகள் கட்டிய இடங்களின் வரைபடத்தையும், பால்மரச் சரிவில் மழைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் இணைத்துள்ளோம். பதில் வரும்வரை அந்தப் பகுதியில் விழுந்த மரங்களை அகற்றுவதும், இருக்கும் வடிகால்களைத் துப்புரவு செய்வதும் மட்டுமே நடைபெறும்.